சோனகத் தெருவில் ஒரு கிணறு

2024 நவம்பர் இறுதியில் வடக்கில் பெய்த பெருமழை ஓய்ந்து நாலைந்து நாட்கள் சென்றிருக்கும். மஃரிப் தொழுதுவிட்டு மாணவர்களின் கொப்பிகளோடு அமர்ந்திருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. சோனகத் தெருவில் உள்ள எமது வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெரியவர் பேசினார்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. கிணத்துத் தண்ணி மணக்குது. வெள்ளம் கலந்ததாக்கும் எண்டுதான் முதல் நினைச்சனாங்கள். இது வேற மணம்."

அவர் எளிதில் குறை சொல்கிறவரல்லர். பதினொரு வருடங்களாக அந்த வீட்டில் இருக்கிறார். கூரை ஒழுகினால் தானே ஏறி ஓடு மாற்றுவார். குசினிக் குழாய் அடைத்தால் தானே வெட்டி ஒட்டுவார். மாத முடிவில் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், "அது கிடக்கட்டும்" என்பார். அப்படிப்பட்டவர் வாய் திறந்து சொன்னால் விஷயம் பெரிதென்று விளங்கிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொப்பிகளை மூடிவைக்கச் செய்தது. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு மாதம்.

திருத்துவதா, விற்பதா என்ற கேள்வி அன்றிரவே எம் குடும்பத்தில் எழுந்துவிட்டது. அதை நான் முதலில் ஒரு கணக்குக் கேள்வியாகவே எடுத்தேன். இவ்வளவு செலவு, இவ்வளவு வாடகை, விற்றால் இவ்வளவு. ஒரு கிழமை கழிந்த பிறகுதான் அது கணக்கில் அடங்காத கேள்வி என்பது புரிந்தது. அதனால்தான் இங்கு எழுதுகிறேன். எம்மவரில் பலருக்கு வடக்கில் இப்படி ஒரு வீடும் ஒரு கிணறும் இருக்கின்றன. அவர்களில் பலர் புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூத்தவாப்பா கட்டியது. ஒன்றேகால் பரப்புக் காணி. முன்னால் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும், பின்னால் குசினி, அதற்கப்பால் கிணறு, கோடியில் மலசலகூடம். வாப்பா தையற்காரர், விறாந்தையில் மெஷின் வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகிலுள்ள ஜின்னா மைதானத்துக்கு எம்மவரை அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் என்று கணிக்கப்படுகிறது. அந்தக் கதையை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சமாதான காலத்தில், ஏ9 வீதி திறந்த பிறகு, 2003 இல் வாப்பா போய்ப் பார்த்தபோது சுவர்கள் நின்றன. கூரை, கதவு, நிலை, யன்னல் எதுவும் இருக்கவில்லை. நடு அறையில் ஒரு வேப்பமரம் நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. வாப்பா ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரைப் புத்தளத்துக்குக் கொண்டுவந்து உம்மாவுக்குக் கொடுத்தார். உம்மா அதை மூன்று நாள் வைத்து வைத்துக் குடித்தார்.

2011 இல் கடன்பட்டு வீட்டைத் திருத்தினோம். புதிய கூரை, புதிய குழாய்கள், மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி. ஆனால் மலசலகூடத்தின் குழியை நாம் தொடவில்லை. மேலே புதுக் கட்டடம், உள்ளே மூத்தவாப்பா காலத்துக் குழி. காசு முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாததற்கு யார் காசு செலவழிப்பார் என்பதுதான் உண்மையான காரணம்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த அறக்கேள்வியும் விளங்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றில்லை. மாரியில், பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை, பெய்கிற மழை மண்ணினூடாக இறங்கிக் கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லில் தங்குகிறது. அதுதான் எல்லாருடைய கிணறும். இந்த நன்னீர் தனியாக ஒரு குளம்போலக் கிடப்பதில்லை. அதைவிடப் பாரமான உப்புநீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் சொல்லப்படுகிற கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் குடாநாடு முழுவதுமே ஒரு பெரிய நிலாவரைதான்.

இரண்டாவது விஷயம் இந்தச் சுண்ணாம்புக் கல்லின் குணம். மணல் தண்ணீரை வடித்துக் கொடுக்கும். வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக் கல் வடிக்காது. உள்ளே விழுந்ததை அப்படியே கடத்திவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி வேண்டுமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். எமது காணியில் 28 அடிதான் இருந்தது. அந்த 50 அடியும்கூட மண்ணை நம்பிச் சொன்ன கணக்கு. கல்லில் ஒரு வெடிப்பு நேரே ஓடினால் நூறடியும் போதாது. மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. எமது வீட்டில் நடந்தது அதுதான். மழையோடு மணம் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

மூன்றாவது நைத்திரேற்று. யாழ்ப்பாணக் கிணறுகளில் அது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பல தசாப்தங்களாகச் சொல்லிவருகின்றன. தோட்டப் பகுதிகளில் உரத்தாலும், நகரத்தில் மலகூடக் குழிகளாலும் அது சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாதென்கிறது. கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைத்திரேற்றைக் கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் சக்தி குறையும், உடல் நீலம்பாரிக்கும். "கொதிக்கவைச்சுத்தான் குடுக்கிறம் மாஸ்டர்" என்று பெரியவர் ஆறுதலாகச் சொன்னபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. அன்றிரவே, "குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரே வேண்டாம் ஐயா, நாளைக்கே வெளியில் வாங்குங்கோ, காசு நான் அனுப்புகிறேன்" என்றேன்.

அடுத்த வெள்ளி இரவு பஸ்ஸேறிப் போனேன். மேசன் ஒருவர் வந்து குழியின் மூடியைத் திறந்து பார்த்தார். அடியும் பக்கமும் வெறுங்கல். சாந்து கிடையாது. 2011 இல் போட்ட கழிவுக் குழாயும் மூட்டில் விட்டுப்போய்ச் சுவரோரம் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே ஓடுகிற குழாய்களில் சுண்ணாம்பு படிந்து துவாரம் விரலளவிலிருந்து பென்சிலளவாகியிருந்தது. தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மலக்கிருமி இருந்தது, நைத்திரேற்று எல்லையைத் தாண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து ஆறரை இலட்சம் ரூபா ஆகும் என்றார் மேசன். 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் குழாயும் ஏறிய விலையில் அவர் அதிகம் சொல்லவில்லை. வாடகை மாதம் 20,000. எண்களைப் பார்த்தால் விற்றுவிடுவதே புத்தி.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டப்படி வீடு நான்கு பங்கு. இரண்டு எனக்கு, புத்தளத்தில் இருக்கும் ராத்தாவுக்கு ஒன்று, நீர்கொழும்பில் இருக்கும் தங்கச்சிக்கு ஒன்று. ராத்தா சொன்னார்: "வித்துப் போடு தம்பி. என்ட மகளுக்குக் கலியாணம் வருது. நாங்கள் இனி அங்க போய் இருக்கப் போறமா? முப்பத்தஞ்சு வருஷமாப் போகுது." தங்கச்சி அழுதாள்: "நானா, வாப்பாட வீட்ட வித்தா எங்களுக்கு ஊர் எண்டு சொல்ல என்ன இருக்கு?" வீடு பிறந்த மண்ணை விட்டுப் போகும்போது அவள் கைக்குழந்தை. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு ஞாபகமும் இருக்க நியாயமில்லை. ராத்தாவுக்கோ வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும். ஞாபகம் உள்ளவர் விற்கச் சொல்கிறார். ஞாபகம் இல்லாதவள் வேண்டாமென்கிறாள். இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

தரகர் ஒருவரும் வந்து சேர்ந்தார். நல்ல விலைக்கு ஆள் இருக்கிறதென்றார். வெளிநாட்டுக் காசு. "ஆனா மாஸ்டர், கிணத்தைப் பற்றி நீங்கள் கதைக்கத் தேவையில்லை. கோடை பிறக்கட்டும், தண்ணி இறங்கினா மணமும் போயிடும். ஒரு கிழமைக்கு முதல் இறைச்சு குளோரின் போடுங்கோ. குழிக்கு மேல சீமெந்து பூசி ரெண்டு பூச்சாடி வையுங்கோ." அவர் ஒரு தீயவர்போலப் பேசவில்லை, சம்பலுக்குத் தேங்காய் திருவச் சொல்கிற தொனியில் சொன்னார்.

மதீனாச் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழை பெய்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் எம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தைச் சொன்னார்கள். சிறுவயதிலிருந்து ஓதிக் கேட்டதுதான். ஆனால் இந்தமுறை எனக்கு வேறொன்று பட்டது. அந்த வியாபாரி சொன்ன காரணம் பொய்யில்லை. மழை உண்மையாகவே பெய்தது. அவர் ஈரத்தை உண்டாக்கவில்லை. கீழே வைத்தார், அவ்வளவுதான். எமது வீட்டிலும் மழைதான் பெய்தது. குழியும் நான் தோண்டியதல்ல. பூச்சாடி மட்டும்தான் என் கையில் இருந்தது.

ஊர் மௌலவி ஒருவரிடம் கேட்டேன். பொருளின் குறையை அறிந்த விற்பனையாளர் வாங்குபவரிடம் சொல்வது கடமை. மறைத்திருந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்றார். இது எனக்கும் தெரியும். அவர் மேலும் சொன்னது தெரியாது: ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், விற்பவர் மட்டுமல்ல, அக்குறையை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும் என்றிருக்கிறது. அப்படியானால் தரகரும் சொல்ல வேண்டும். மேசனும் சொல்ல வேண்டும். மதிலுக்கு அப்பால் இருந்து மணத்தை அறிந்த அயலவரும் சொல்ல வேண்டும். "அவற்ற காணி, அவற்ற விஷயம், எங்களுக்கேன்" என்று நாம் ஒதுங்கிக்கொள்வதற்கு அதில் இடமில்லை. எமது ஊர்களில் காணி விற்பனை நடக்கிற முறையை நினைத்துப் பார்த்தேன். எத்தனை பேர் இந்தக் கடமையில் தவறியிருக்கிறோம்!

சரி, சொல்லியே விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விலை குறையும், மனம் சுத்தம். ராத்தாவும் அதற்குச் சம்மதித்தார். நானும் இரண்டு நாள் அந்த முடிவில் நிம்மதியாக இருந்தேன். பிறகு நிம்மதி கலைந்தது. குறையைச் சொல்லி விற்பது எனக்கும் வாங்குபவருக்கும் இடையிலான நீதியைத் தீர்க்கிறது. ஆனால் அந்தக் குழியின் தண்ணீர் எமது மதிலோடு நிற்பதில்லையே. கிழக்கே ஒரு கிணறு, தெற்கே ஒரு கிணறு. அந்த வீட்டுக்காரர்கள் என் உறுதியில் கையொப்பம் வைப்பவர்களல்லர். விற்று நொத்தாரிசின் காரியாலயத்தை விட்டு வெளியே வரும்போது என் குழி இன்னொருவர் பெயருக்கு மாறியிருக்கும், கசிவு மாறியிராது. வாங்குகிறவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் பத்து வருடம் அது அப்படியே கிடக்கும். தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்காலும் பதில் கூடாது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதில் விற்றுவிட்டவருக்கு விலக்கு இருப்பதாக நான் அறியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மேசன்தான் அதைச் சொன்னார். "மாஸ்டர், உங்கட குழியை மூடினா மட்டும் கிணறு சுத்தமாயிடுமே? இந்தத் தெருவில எத்தனை குழி?" உண்மை. சோனகத் தெருவின் ஒழுங்கைகளில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறு, ஒரு குழி. எமது காணியில் குழியை எங்கே நகர்த்தினாலும் யாருடையதோ ஒரு கிணற்றுக்கு 50 அடிக்குள்தான் அது வரும். நகரத்துக்கு மூடிய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் ஒரு பொறுப்பாளியைச் சுட்ட முடிந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தும்படி அந்த மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. சோனகத் தெருவில் யாரைச் சுட்டுவது? எல்லாருமே பிரதிவாதிகள், எல்லாருமே முறைப்பாட்டாளர்கள்.

பாடசாலையில் ஒரு வகுப்பு முழுவதும் கூச்சலிடும்போது ஒரு மாணவனை எழுப்பினால், "எல்லாரும்தான் கதைச்சது சேர்" என்பான். அது பொய்யல்ல. ஆனால் அவன் வாயை மூடுவதற்கு மற்றவர்கள் மூடும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. பலர் சேர்ந்து செய்கிற தீங்கில் என் பங்கு சிறியதென்பது, அதை நீக்கினால் விளையும் பயனும் சிறியது என்பதைத்தான் காட்டுகிறது. அது என்னுடையதல்ல என்று காட்டவில்லை. இந்த இரண்டையும் நாம் வேண்டுமென்றே குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். மேசனுக்கு நான் இதை இப்படி விளக்கவில்லை. "எங்கட குழியை முதல் பாருங்கோ பாஸ்" என்றேன்.

பெரியவரிடமும் ஒரு மறுப்பு இருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். எம்மைப்போலவே அவர்களும் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். எம்மைத் துரத்தியது புலிகள், அவர்களது மண்ணை உயர்பாதுகாப்பு வலயம் எடுத்துக்கொண்டது. அவருடைய காணி இன்றும் முழுதாகத் திரும்பவில்லை. நான் திருத்த வேலை பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர் முந்திக்கொண்டார். "எங்களுக்குப் பரவாயில்லை மாஸ்டர். குடிக்கத் தண்ணி வாங்கிக்கொள்ளுவம். குளிக்க, உடுப்புத் தோய்க்க இது காணும். வாடகையைக் கூட்டிப்போடாதேங்கோ. எங்களை எழும்பச் சொல்லாதேங்கோ."

குடியிருப்பவரே சம்மதித்துவிட்டார், பிறகென்ன? வாடகை ஒப்பந்தத்தில், பொருளைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. அவர் திருத்தாவிட்டால் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறலாம் என்று பிக்ஹு சொல்கிறது. முறிக்க அவருக்கு உரிமை உண்டு, அவர் முறிக்கவில்லை. ஆனால் வெளியேறப் போக்கிடம் உள்ளவருக்கு அல்லவா அந்த உரிமை உரிமையாகும்? இரண்டு முறை வீட்டை இழந்தவர் மூன்றாவது முறைக்குப் பயந்து கொடுக்கும் சம்மதத்தை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டால், 1990 இல் எம்மவர்கள் "தாமாகவே போனார்கள்" என்று சிலர் பிறகு சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்த ஒப்பீடு சற்று அதிகப்படியானதென்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் அன்று அந்தக் கிணற்றடியில் நிற்கும்போது அதுதான் தோன்றியது. இன்னொன்று: இரண்டு மாதக் குழந்தை எதற்கும் சம்மதிக்கவில்லை.

இனி, விற்பதே துரோகம் என்ற கட்சி. எமது சமூகத்தில் இது உரத்த குரல். வடக்கில் எம்மவர் காணியை விற்கக்கூடாது. விற்றால் வரலாறு போய்விடும் என்று கூட்டங்களில் பேசுவார்கள். அவ்வாறு பேசுபவர்களில் அநேகருக்கு அங்கு ஒழுகுகிற குழாய் எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் அகதி முகாமின் ஓலைக் குடிசையிலிருந்து, பிள்ளையின் சீதனத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காணியை அற்ப விலைக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அவர்களை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

மக்கா வெற்றியின்போது, தங்கள் வீட்டில் எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் எமக்கு ஏதேனும் வீட்டை விட்டுவைத்திருக்கிறாரா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டதாக புகாரியில் வருகிறது. ஹிஜ்ரத் போனவர்களின் வீடுகள் அவர்கள் இல்லாத காலத்தில் விற்கப்பட்டுவிட்டன. நகரமே கையில் வந்த அந்நாளில் அவற்றைப் பறித்தெடுக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல் சொல்லப்படவில்லை. நபியவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள். இதை வைத்து, உரிமையைக் கேட்கவே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களின் காணியில் பத்து வருட ஆட்சி உரிமை கோருவதைத் தடுக்க 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம், பிந்தி வந்த சட்டம். நான் சொல்வது வேறு: வீடு போனதால் அந்த முஹாஜிர்கள் மக்காவாசிகள் அல்லாமல் போய்விடவில்லை.

அதேநேரம் இப்னு மாஜாவில் இன்னொரு ஹதீஸும் உண்டு. வீட்டை விற்று, அந்தப் பணத்தை அதுபோன்ற ஒன்றில் இடாதவருக்கு அதில் பரக்கத் இல்லை என்பது அதன் கருத்து. ராத்தாவிடம் இதைச் சொன்னேன். "கலியாணம் முடிச்சுக் குடுக்கிறதும் ஒரு வீடுதானே தம்பி" என்றார். மௌலவியிடம்கூட இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டேன்.

எனவே எம் முடிவு இப்படி அமைந்தது: விற்பதா வைப்பதா என்பது எம் மூவரின் விஷயம், அதைப் பிறகு பார்க்கலாம். குழி எம் மூவரின் விஷயம் மட்டுமல்ல. அதை இப்போதே பார்க்க வேண்டும். முதலில் நான் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக்கி, ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று எண்ணியதுதான் பிழை. செலவுக்குப் பங்காளிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டுச் சொத்தைத் திருத்தும்படி ஒரு பங்காளி மற்றவரை வற்புறுத்த முடியாதென்பதே இமாம் ஷாபிஈ அவர்களின் பிந்திய கருத்து. ஆகவே நான் இடர்கடனுக்கு விண்ணப்பித்தேன். அரச ஆசிரியருக்கு வாய்த்த பெரிய செல்வம் அது. தங்கச்சி தன் கையிலிருந்த ஒரு இலட்சத்தை அனுப்பினாள். ராத்தா, "விக்கிறபோது என்ட பங்கில கழி" என்றார்.

2025 மாசியில் வேலை நடந்தது. பழைய குழியை இறைத்து, மண்ணும் கல்லும் போட்டு மூடினோம். அதனிடத்தில் அடியும் பக்கமும் கொங்கிறீற் போட்டு, எதுவும் வெளியேறாதபடி ஒரு மூடிய தொட்டி. நிறையும்போது கழிவுப் பவுசரை அழைத்து எடுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தச் செலவு இருக்கும். குழாய்களை மாற்றினோம். கிணற்றைப் பலமுறை இறைத்தோம். ஏப்ரலில் மீண்டும் பரிசோதித்தபோது மலக்கிருமி குறைந்திருந்தது, முற்றாகப் போகவில்லை. நைத்திரேற்று சிறிதளவே இறங்கியிருந்தது. மேசன் சொன்னது சரிதான். குடிநீரை இன்றும் வெளியில்தான் வாங்குகிறார்கள். அதற்காக வாடகையில் 3,000 குறைத்திருக்கிறேன். தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. அதன் குழாய் எமது ஒழுங்கைக்கு வரும்போது கணக்கு மாறலாம்.

பவுசர் அள்ளிச் செல்வது எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. யாழ் நகரத்தின் கழிவுகள் கல்லுண்டாய் வெளிக்குப் போவதை ஊரறியும். அங்கும் அருகில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். என் மதிலுக்குள் தீர்த்ததாக நான் நினைப்பது அவர்களுடைய வாசலில் தொடங்குகிறதோ என்னவோ. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேலை முடிந்த பின் ராத்தாவின் அவசரத்தை மதித்து விற்பனைக்கும் சொல்லிவைத்தோம். வட மாகாணக் காணி என்றபடியால் தேசவழமையின் முன்னுரிமை விதியும் உண்டு. பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும். தங்கச்சியிடம் கேட்டோம். வாங்கக் காசில்லை, ஆனால் இனித் தடுக்க மாட்டேன் என்றாள். பெரியவரை எழுப்பாமல், இன்னும் இரண்டு வருடமேனும் இருக்கவிடுவதாக எழுதித் தருபவருக்கே கொடுப்பதென்று நாமே ஒரு நிபந்தனை வைத்தோம். பழைய தரகர் தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவருக்கும் பரிசோதனைத் தாள்கள் இரண்டையும் கொடுத்தேன். முதலாமவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், பிறகு பேச்சில்லை. மற்றவர் நான்கு இலட்சம் குறைத்துக் கேட்டார். ராத்தா யோசித்துவிட்டு மாட்டேன் என்றார்.

மூன்றாவதாக ஆவணியில் ஒருவர் வந்திருக்கிறார். அன்று நான் அங்கு இல்லை. வெயிலில் வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். பெரியவரின் மனைவி போத்தல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, "எங்கட கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாது தம்பி" என்று ஏனென்ற காரணத்தையும் சொல்லியிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. வந்தவர் பின்வளவுக்குப் போய், கிணற்றுக்கட்டில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்று உள்ளே பார்த்திருக்கிறார். தன் மூத்தவாப்பாவின் வீடும் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தது என்றாராம். விலை கேட்கவில்லை. என் தொலைபேசி இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.